சத்தம் வரக் கூடாத புல்லாங்குழல்

என் கையில புல்லாங்குழல். எதிர்ல, இடுப்புல கை வெச்சுக்கிட்டு எங்க ஹவுஸ் ஓனர் மல்லிகா அக்கா. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் பாதித் தெரு நின்னு எட்டிப் பார்க்குது. எனக்குப் பின்னால, என்கூட ஒரே ரூம்ல தங்கியிருந்த அஞ்சு பொண்ணுங்களும் நிக்கறாங்க.

"ஏட்டி பேச்சி, சத்தம் மட்டும் வந்துரக் கூடாது. வந்துச்சு, நாம நடுத்தெருவுலதான்." அதுல ஒருத்தி, ஜெயந்தி, என் காதுல சொல்றா.

உலகத்துல எத்தனையோ பேர் நாலு பேர் முன்னால நின்னு புல்லாங்குழல் வாசிச்சிருப்பாங்க. சாமி, சத்தம் வந்துரக் கூடாதுன்னு குலதெய்வத்துக்கு நேர்ந்துக்கிட்டு வாயில வெச்சவ அநேகமா நான் ஒருத்திதான்.

அங்கேயே கொஞ்சம் நில்லுங்க. எப்படி இந்தக் கோலத்துக்கு வந்தேன்னு சொல்லிட்டு வர்றேன்.

போன வாரம் இந்தப் பக்கத்துல எழுதும்போது, போற போக்குல 'அப்ப நான் புல்லாங்குழல் பழகிக்கிட்டு இருந்தேன்'னு ஒரு வரி போட்டுட்டேன். அவ்வளவுதான், பத்திரிகை ஆபீசுக்கு ஒரே போன். எம் பொண்ணுக்கு வாங்கணும், எது நல்லது? ரிட்டயர் ஆகிட்டேன், இனிமே கத்துக்கலாமா? ஒருத்தர், ஊதினா தொப்பை குறையுமான்னு கேட்டிருக்கார். ஆசிரியர், "தாயே, நீங்களே எழுதிருங்க"ன்னு கும்பிடு போட்டுட்டார். சரி, எழுதறேன். ஆனா நான் கடைக்குப் போன லட்சணத்தைப் படிச்சுட்டு அப்புறம் நீங்க கடைக்குப் போங்க.

வாயை மூடி ஒரு வேலை

ரெண்டாயிரத்துப் பத்துக்கு முன்னபின்ன இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்துலருந்து பஸ் ஏறி வந்து, சுங்குவார்சத்திரத்துல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில சேர்ந்திருந்தேன். லைன்ல வர்ற ஒவ்வொரு சர்க்யூட் போர்டையும் லென்ஸ் விளக்குக்குக் கீழ வெச்சுப் பார்க்கணும். கீறல் இருக்கா, புள்ளி இருக்கா, வளைஞ்சிருக்கா. நல்லா இருந்தா பாஸ். இல்லைன்னா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட். இதான் வேலை.

தலையில தொப்பி, முகத்துல மாஸ்க். பேசக் கூடாது. நான்! எங்க வீட்டுல தூக்கத்துலகூடப் பேசறவன்னு பேர் வாங்கினவ. ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸுல ஏறினதும் நாங்க போடற சத்தத்துக்கு, டிரைவர் தானே பாட்டை நிறுத்திருவார்.

மாஸ்க்குக்குள்ள நாள் பூரா சொந்த மூச்சையே திருப்பித் திருப்பி இழுத்தா ஒரு வெறி வரும் பாருங்க. வெளிய வந்து நெஞ்சு நிறைய காத்தை எடுத்து எதையாவது ஊதணும் போல இருக்கும். அப்படி வந்த ஆசைதான். வீணையை மடியில வெச்சுக்கிட்டு ஷேர் ஆட்டோவுல ஏற முடியுமா? குழல்னா ஷிப்ட் பையில, டிபன் பாக்ஸ் பக்கத்துல பேசாம படுத்துக்கும்.

பாஸ், ரிஜெக்ட்

வாரலீவு அன்னைக்கு நானும் ஜெயந்தியும் காஞ்சிபுரத்துக்குப் போனோம். ஜெயந்தி விளாத்திகுளத்துக்காரி, பக்கத்து லைன்ல வேலை, வாய் என்னைவிட ஒரு முழம் நீளம். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வாத்தியக் கடை. கடைக்காரர் ஒரு கட்டுக் குழலை எடுத்து மேசை மேல பரப்பினார்.

நான் என்ன செஞ்சேன்? ஒவ்வொண்ணா எடுத்து டியூப்லைட்டுக்கு நேரா பிடிச்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, சுத்திச் சுத்திப் பார்க்க ஆரம்பிச்சுட்டேன். கை பழகின பழக்கம், விடுமா?

"இது துளை ஓரமெல்லாம் கருகியிருக்கு. வேண்டாம்."

"அம்மா, சூட்டுக்கோல் வெச்சுத்தாம்மா துளை போடுவாங்க. கருகத்தான் செய்யும்."

"இதுல துளைக்குத் துளை இடைவெளி ஒரே மாதிரி இல்லியே?"

"சுரத்துக்குத் தக்கபடிதாம்மா இருக்கும்."

"இது ஒரு பக்கம் அடைச்சிருக்கு. உள்ள தூசி போயிருச்சா?"

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி போட்டுக்கிட்டு என்னைப் பார்த்தார். ஒரு குழலை எடுத்து ஊதியும் காட்டினார். தேனா வந்துச்சு. நான் கேட்டுட்டு, "சத்தம் ஓகே சார், ஃபினிஷிங்தான் சரியில்ல"ன்னேன். ஜெயந்தி முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டுத் திரும்பி நின்னுட்டா.

கடைசியில சுவத்துல மாட்டியிருந்த ஒண்ணு என் கண்ணுல பட்டுச்சு. ஆஹா! கோடு கிழிச்ச மாதிரி நேர். ஒரே நிறம், ஒரே பளபளப்பு. ஒரு கீறல் கிடையாது. "இது பாஸ்! இதைக் குடுங்க"ன்னேன்.

"அது சும்மா அழகுக்கு மாட்டினதும்மா. பிளாஸ்டிக்."

ஜெயந்தி கடையை விட்டே வெளிய ஓடிட்டா. பிளாட்பாரத்துல உக்காந்து அவ சிரிச்ச சிரிப்பு காஞ்சிபுரம் பூரா கேட்டிருக்கும். கடைக்காரர் ரொம்ப நல்லவர், சிரிக்கல. அஞ்சு கட்டைக் குழல் ஒண்ணை, கருகின துளையும் மங்கின நிறமுமா, என் கையில வெச்சு விரலை வெச்சுப் பார்க்கச் சொன்னார். விரல் சரியா உக்காந்துச்சு. அதையே கட்டிக் குடுத்துட்டார்.

ஆக, வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்றது இதான். கண்ணால வாங்காதீங்க. விரிசல் இருக்கான்னு மட்டும் பாருங்க, நகத்தால நிரடினாலே தெரிஞ்சுரும். மத்த அழகெல்லாம் அதுக்கு வேண்டாம். கடைக்காரரை ஊதச் சொல்லிக் காதால கேளுங்க. அவர் ஊதியே சத்தம் திணறிச்சுன்னா, நீங்க ஊதி என்னத்தைக் கிழிக்கப் போறீங்க, கீழ வெச்சிருங்க. நீளமா இருக்கறதை, 'அதே விலையில பெருசா ஒண்ணு கிடைச்சுது'ன்னு ஆசைப்பட்டு வாங்காதீங்க. அதுல துளைங்க தள்ளித் தள்ளி இருக்கும், புதுசா பழகற விரலுக்கு எட்டாது. அஞ்சு கட்டை, ஆறு கட்டை போதும். கட்டைன்னா அது எந்தச் சுருதின்னு சொல்ற கணக்கு. கடையில 'பழகறதுக்கு'ன்னு சொன்னீங்கன்னா எடுத்துக் குடுத்துருவாங்க.

காலண்டர்ல பார்த்துக் கத்துக்கிட்டது

கத்துக்குடுக்க ஆள் யாரு? எங்க ரூம் சுவத்துல அரிசிக் கடைக் காலண்டர் தொங்கிச்சு. அதுல கிருஷ்ணர் குழல் ஊதிக்கிட்டு இருந்தார். அவரையே பார்த்துப் பிடிச்சேன். அவர் காலைக் குறுக்கால மாத்தி வெச்சு நின்னார்னு நானும் அப்படியே நின்னேன். பொய் சொல்லல. அப்படி நின்னாத்தான் காத்து சரியா போகும் போலன்னு நினைச்சேன்.

"ஏட்டி, ஒன் பாத்ரூம் போறதுன்னா போயிட்டு வந்து ஊதேன்" அப்படின்னா ஜெயந்தி.

இன்னொரு கூத்து. ஏழு விரலை வெச்சு ஏழு துளையை மூடினேன். கடைசியில எட்டாவதா ஒண்ணு சும்மா திறந்து கிடந்துச்சு. விரலே போகாத துளை எதுக்கு? சந்தேகமே இல்ல, தப்பா போட்டுட்டாங்க. கடைக்காரர் என்னை ஏமாத்திட்டார்னு கொதிச்சுட்டு, என் நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதுமேல ஒட்டி அடைச்சேன். பிற்பாடு தெரிஞ்சவங்க ஒருத்தர் தலையில அடிச்சுக்கிட்டார். அந்தத் துளை திறந்துதான் இருக்கணுமாம். அடைச்சா கீழ்ச் சுரம் கெட்டுரும். உங்க குழல்லயும் இருக்கும், கைய வெச்சுராதீங்க.

இதெல்லாம் சரி, சத்தம்? அதான் இல்ல. நெஞ்சு வெடிக்க ஊதுவேன், 'உஸ்ஸ்'னு காத்து வரும். இன்னும் ஓங்கி ஊதுவேன், இன்னும் பெருசா 'உஸ்ஸ்ஸ்'. தலை கிறுகிறுன்னு சுத்தும், பாயில சாஞ்சுருவேன். ரூம் பொண்ணுங்களும் ஆளாளுக்கு வாங்கி ஊதிப் பார்ப்பாங்க. கொஞ்ச நேரத்துல எல்லாரும் வரிசையா மல்லாந்து கிடந்து, மேல ஃபேன் சுத்துதா, நாம சுத்தறோமான்னு கேட்டுச் சிரிச்சுக்கிட்டு இருப்போம். அவ்வளவு சந்தோஷமா நான் எதுலயும் தோத்ததில்ல.

மல்லிகா அக்கா முதல் நாள் ஓடி வந்தாங்க. "இன்னாமே இது, காஸ் லீக் ஆவுதா?"ன்னு அடுப்பை மோந்து பார்த்துட்டுப் போனாங்க.

கல்லு மேல வந்த விருந்தாளி

மல்லிகா அக்கா அந்த ஊர்க்காரங்க. வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில செக்யூரிட்டி. வயலுக்குப் பதிலா வரிசையா ரூம் கட்டி எங்களை மாதிரி பொண்ணுங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாங்க. கொட்டாயில ஒரு மாடு மட்டும் மிச்சம். கோவம் வந்தா வானம் இடியும், அடுத்த நிமிஷம் ரசம் கொண்டாந்து குடுப்பாங்க. எல்லாத்துக்கும் மேல, கருவாடு வறுக்க விட்ட ஒரே ஹவுஸ் ஓனர். தென்னாட்டுப் பொண்ணுங்களுக்கு இதைவிட வேற சொர்க்கம் வேணுமா?

வேற ரூமும் கிடைக்காது. மண்ணூர்லருந்து ஒரகடம் வரைக்கும் புதுசு புதுசா கம்பெனி திறந்துக்கிட்டு இருந்த நேரம். ஊர்லருந்து பஸ் பஸ்ஸா பிள்ளைங்க வந்து இறங்குது. ஆறு பேரா போய் நின்னா கதவைச் சாத்திருவாங்க.

வீட்டுக்குப் பின்னால மிச்சமிருந்த வயலையும் யாரோ கம்பெனிக்கு வித்துட்டாங்க. பொக்லைன் வந்து வரப்பையெல்லாம் வழிச்சுத் தள்ளிக்கிட்டு இருந்துச்சு. அந்த வாரம்தான் ஒரு சாயங்காலம், துணி துவைக்கப் போன மல்லிகா அக்கா போட்ட அலறல்ல நாங்க எல்லாரும் வெளிய ஓடினோம். துவைக்கிற கல்லு மேல ஒரு சாரைப்பாம்பு, பிழிஞ்சு வெச்ச சேலை மாதிரி கிடக்குது. எங்க ஆறு பேர் கூச்சலும் சேர்ந்ததும் அது பாவம், பயந்துபோய்ப் பின்பக்கமா ஓடியே போயிருச்சு.

அக்கா ஓடல. நேரா என்கிட்ட வந்தாங்க. என் கையில குழல்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல கொழல் ஊதினா பாம்பு வரும்னு உங்க ஊர்ல ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல? இப்ப வந்துச்சு பாரு. புள்ளகுட்டி கீற வூடு, மாடு கீற வூடு. நீங்க எல்லாரும் வூட்ட காலி பண்ணிகினு கெளம்புங்க."

ஏன் ஏன் ஏன்

எங்க கம்பெனியில ஒரு வழக்கம். ஏதாவது தப்பு நடந்தா, சூப்பர்வைசர் எல்லாரையும் கூட்டி வெச்சு 'ஒய்-ஒய்' போடுவார். ஏன் நடந்துச்சு? அதுக்கு ஒரு பதில். அது ஏன்? அதுக்கு ஒரு பதில். இப்படி ஏன் ஏன்னு தோண்டிக்கிட்டே போனா கடைசியில மூல காரணம் வந்துருமாம். ஜெயந்தி இதுல புலி, பரிசாகத் தண்ணி ஜக்கு எல்லாம் வாங்கியிருக்கா. அவ முன்னால வந்து நின்னா.

"அக்கா, கோவப்படாதிய. பாம்பு ஏன் வந்துச்சு? எலியைத் தேடி வந்துச்சு. எலி ஏன் வந்துச்சு? தீனிக்கு வந்துச்சு. தீனி எங்க இருக்கு? மாட்டுக் கொட்டாயில, வாய் கட்டாத புண்ணாக்கு மூட்டையில. அந்த மூட்டை ஏன் கட்டல..."

"ஓகோ! அப்ப என் மாட்டு மேல பழிய போடறியா?"

மூல காரணம் கிடைச்சுருச்சு, ரூம் போயிருச்சு. ஒரு மணி நேரத்துல காலி பண்ணுன்னு சொல்ற மூஞ்சியா அக்கா மூஞ்சி மாறிருச்சு. நான் அழுவற மாதிரி, "அக்கா, நான் ஊதினதுல ஒரு நாள்கூடக் குழல் சத்தம் வரவே இல்லையே அக்கா"ன்னேன்.

"வரலியா? எந்நேரமும் உஸ்ஸு உஸ்ஸுன்னு சீறிகினு கீற. பாம்பு மாதிரியே சீறினா பாம்பு வராம, பால்காரனா வருவான்?"

சத்தியமா எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஜெயந்தி தொடையில கிள்ளினா. கிள்ளிட்டு, அவளுக்கே உரிய வாயால ஒரு போடு போட்டா பாருங்க.

"உஸ்ஸுன்னா பாம்பு வரும்னா, நீங்க குக்கர் வெக்கும்போதெல்லாம் வந்திருக்கணுமே அக்கா? பாம்பு குழல் சத்தத்துக்குத்தான் வரும். இவளுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் அந்தச் சத்தம் வராது."

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா அக்கா யோசிச்சாங்க. அந்த வாதம் அவங்களுக்குப் புடிச்சுப் போச்சு.

"சரி. ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாலயும் ஊதிக் காட்டட்டும். தெருவே என்னத்தான் கேக்குது. வெறும் காத்து வந்துச்சுன்னா இருந்துகோங்க. கொழல் சத்தம் வந்துச்சு, அன்னிக்கே மூட்ட கட்டிகினு கெளம்பணும்."

நாங்க ஆறு பேரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் குதிச்சோம். ஜெயிச்ச மாதிரிதானே! சத்தம் வராம ஊதறதுல என்னை மிஞ்ச ஆள் உண்டா? அன்னைக்குக் கருவாடு வறுத்துக் கொண்டாடினோம்.

ஞாயித்துக்கிழமை

அன்னைக்குக் காலையில எழுந்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. ஒருவேளை வந்துட்டா? ஒரு மாசமா எது வரணும்னு உயிரை விட்டேனோ, அது வந்துரக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டு நிக்கறேன். நினைச்சா துக்கமா இருந்துச்சு. இந்த அஞ்சு பொண்ணுங்களும் என்னால தெருவுல நிக்கக் கூடாது. அதே சமயம், நாலு பேர் முன்னால 'இவளுக்கு வராது'ன்னு நிரூபிக்கறதும் நான்தான்.

"பஞ்சை உள்ள அடைச்சிருவோமா?"ன்னு கேட்டா ஜெயந்தி.

"போடி, அது ஃப்ராடு."

"அப்ப ஓங்கி ஊதாத. எப்பவும் போல மல்லுக்கட்டாத. சும்மா லேசா, தூங்கற பிள்ளை நெத்தியில ஊதுத மாதிரி, பட்டும் படாம ஊதிட்டு வந்துரு."

இப்பதான் கதை ஆரம்பிச்ச இடத்துக்கு வந்து நிக்கறோம். எதிர்ல மல்லிகா அக்கா. சுவருக்கு மேல தலை தலையா தெரு.

காலண்டர் மாதிரி நிக்க அன்னைக்கு வெக்கமா இருந்துச்சு, சாதாரணமா நின்னேன். மேல ரெண்டு துளையில மட்டும் விரலை வெச்சேன், மத்ததை மூடவே பயம். உதட்டைத் தளர விட்டேன். துளைக்குள்ள ஊதினாத்தானே சத்தம் வரும்னு, காத்து துளைக்கு மேலாப்பலயே போற மாதிரி, எதிர் விளிம்பை லேசா தொட்டுட்டுப் போற மாதிரி, மெ...துவா விட்டேன்.

கூ...ன்னு வந்துருச்சு.

உஸ்ஸு இல்ல. காத்து இல்ல. குழல்! முழுசா, உருண்டையா, ஒரே சுரம். அப்புறம் தெரிஞ்சவங்ககிட்டக் கேட்டப்ப, அதான் 'ஸ'ங்கற சுரம்னு சொன்னாங்க. அது என் உதட்டுலருந்து கிளம்பி மாட்டுக் கொட்டாயைத் தாண்டிச் சமப்படுத்தின மண்ணு மேல போயிக்கிட்டே இருந்துச்சு. நிறுத்தணும்னு தெரியுது. மனசு வரல. நெஞ்சுல இருந்த கடைசிக் காத்து தீர்ற வரைக்கும் விட்டேன்.

(புதுசா பழகறவங்களே, நான் சொல்லித்தர இருக்கற பாடமே இது ஒண்ணுதான். காலி சோடா பாட்டில் வாயில ஊதற மாதிரி, எதிர் விளிம்புல. மெதுவா. நான் ஒரு மாசம் ஓங்கி ஊதினது பூரா வீண்.)

குழலை இறக்கினேன். தெருவே தரையைப் பார்த்துக்கிட்டு நிக்குது, பாம்பு வருதான்னு. ஜெயந்தி தலையில கை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டா. ஒருத்தி மூட்டை கட்டறதுக்கு உள்ளயே போயிட்டா.

எனக்கு? எனக்கு ரூமும் ஞாபகமில்ல, ஒண்ணும் ஞாபகமில்ல. "வந்துருச்சு! ஏட்டி, சத்தம் வந்துருச்சுட்டி!"ன்னு கத்திக்கிட்டு, ஜெயந்தியைத் தூக்கி நிறுத்தி, அவளைக் கட்டிக்கிட்டுக் குதி குதின்னு குதிக்கறேன். கண்ணுல தண்ணி பாட்டுக்கு வருது. கொஞ்ச நேரம் முறைச்சுப் பார்த்தவ, அப்புறம் அவளும் சேர்ந்து குதிக்கறா. நடுத்தெருவுக்குப் போகப் போற ரெண்டு பைத்தியங்க.

மல்லிகா அக்கா மெதுவா நடந்து துவைக்கிற கல்லுக்கிட்டப் போனாங்க. சுத்திப் பார்த்தாங்க. கொட்டாய்க்குள்ள எட்டிப் பார்த்தாங்க. திரும்பி வந்து எனக்கு எதிர்ல நின்னாங்க. அவங்க மூஞ்சியில கோவம் இல்ல. என்னமோ மாதிரி இருந்துச்சு.

"எங்கமே பாம்பு?"

"வரல அக்கா."

"அந்தச் சத்தம் நெஜமாலுமே அதுலருந்தா வந்துச்சு?"

"ஆமா அக்கா."

"இன்னொரு தபா ஊது."

ஊதினேன். சந்தோஷத்துல உதடு நடுங்குது, மூச்சு வாங்குது. உஸ்ஸுன்னுச்சு. மறுபடி ஊதினேன். உஸ்ஸ். சுவருக்கு மேல ஒரு சிரிப்பு கிளம்புச்சு. அக்கா அந்தப் பக்கம் திரும்பி ஒரு முறை முறைச்சாங்க, சிரிப்பு நின்னுச்சு.

அப்பதான் உள்ள போன பொண்ணு துணி மூட்டையோட வெளிய வந்தா. அக்கா அவ கையிலருந்து மூட்டையைப் பிடுங்கி வாசப்படி மேல வெச்சு, அதுமேலயே ஏறிக் குந்திக்கிட்டாங்க.

"அந்தச் சத்தம் திரும்ப வர்ற வரைக்கும் எவளும் வூட்ட வுட்டுப் போவக் கூடாது, சொல்லிட்டேன். நீ ஊதுமே."